வலையின் மடிப்பில் ஏறி வந்த பன்னிரண்டாம் உயிர்

நகர நூலகத்தின் நெடிய அடுக்குகளையெல்லாம் நெஞ்சிலே நிரல்படுத்தி வைத்திருப்பவரும், இன்று இந்த அவையின் தலைமையை ஏற்று அமர்ந்திருப்பவருமான நூலகத் தலைவி அம்மையார் அவர்களே! தலைநகர அருங்காட்சியகத்தில் பூச்சிப் பிரிவைக் காத்துவரும் காப்பாளர் அவர்களே! நீர்வழங்கல் துறையில் பொறியாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்று, ஓய்வை மட்டும் இன்னும் பெறாமல் நம் நீர்நிலை ஆர்வலர் சங்கத்தின் செயலாளராக ஓடிக்கொண்டிருக்கும் ஐயா அவர்களே! முன்வரிசையை முகப்பொலிவால் நிறைத்திருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற ஐயத்தோடு அமர்ந்திருந்தாலும் அன்பால் இங்கு வந்திருக்கும் தாய்மார்களே! நாற்காலி கிடைக்காமல் சுவருக்குத் தூணாக நிற்கும் இளைஞர்களே! மூன்றாம் வரிசையில், நான் என்ன சொல்லப் போகிறேனோ என்று கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும் என் உடன்பிறந்த அக்காவே! உங்கள் அனைவருக்கும் என் பணிவார்ந்த வணக்கம்.

சென்ற ஆண்டு இதே மேடையில், இதே ஒலிபெருக்கியின் முன்னால் நின்று நான் ஓர் எண்ணைச் சொன்னேன். நம் வட்டாரத்து நன்னீரில் இதுவரை எவரும் பதிவு செய்யாத சிற்றுயிர்கள் பன்னிரண்டு வகை வாழ்கின்றன என்றேன். கூரை அதிரக் கைதட்டினீர்கள். இன்றைய அழைப்பிதழிலும் அந்தப் பன்னிரண்டு தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கிறது. அவையோரே, அந்த எண் தவறு. பதினொன்று என்பதே சரி. அன்று நீங்கள் தட்டிய கைதட்டலில் பன்னிரண்டில் ஒரு பங்கை உங்களிடம் திருப்பித் தரவே நான் இன்று வந்திருக்கிறேன்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் செயலாளர் ஐயா சிரிக்கவில்லை. சென்ற வாரம் அவரைத் தொலைபேசியில் அழைத்து இந்தத் திருத்தத்தைச் சொன்னேன். உடனே கேட்டார்: "என்னம்மா இது, முந்நூறு அழைப்பிதழ் வீடு வீடாப் போய்ச் சேர்ந்தாச்சு. இப்ப வந்து ஒண்ணு கொறையுதுன்னா நான் எங்க போய் முகத்த வெச்சுக்கிறது?"

மறுநாள் அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. பொறியாளர் கடிதம், கோடு போட்டது போல நேராக இருந்தது. பன்னிரண்டில் ஒன்று பிழை என்றால், மீதிப் பதினொன்றும் மெய் என்பதற்கு என்ன உறுதி? ஆகவே சங்கத்தின் ஆண்டு மலரில் இந்தப் பட்டியலை அச்சிடாமல் ஒத்திவைக்க வேண்டும். கூட்டத்தின் முடிவில் உறுப்பினர்கள் கைதூக்கித் தீர்மானிக்க வேண்டும். இதுதான் கடிதத்தின் சாரம். ஆக, என் ஒன்பது ஆண்டு உழைப்பு இன்று உங்கள் கைகளில் இருக்கிறது. தூக்கும் கைகளிலும் இருக்கிறது, தூக்காத கைகளிலும் இருக்கிறது. ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். பிறகு உங்கள் விருப்பம்.

நான் யார்? எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தின் படியை விட்டு இறங்கியவள். மூக்குக்கண்ணாடிக் கடையிலே இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கண்ணாடி தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிறவள். கடுகைவிடச் சிறிய திருகாணியைத் தரையில் தவறவிட்டு, தவழ்ந்து தேடி எடுப்பதில் நான் பெற்ற பட்டம்தான் என் பட்டம். கடைக்கு அடுத்த கட்டடத்தில் இருந்த மருத்துவர் தம் சிறிய ஆய்வகத்தை மூடியபோது, பழைய நுண்ணோக்கி ஒன்றைக் குப்பையில் போட வைத்திருந்தார். பல்லைக் காட்டிக் கேட்டு வாங்கினேன். கலங்கியிருந்த அதன் கண்ணைக் கழற்றித் துடைத்தேன். குளத்து நீரில் ஒரு சொட்டை வைத்துக் குனிந்தேன். அன்று குனிந்தவள்தான், இன்னும் முழுதாக நிமிரவில்லை.

என்ன கண்டேன்? குண்டூசித் தலையளவு உருண்டை. செக்கச் சிவந்த மேனி. எட்டுக் கால்கள். சிலந்திக்குத் தூரத்துச் சொந்தம். ஆனால் சிலந்திக்கு இல்லாத சுறுசுறுப்பு. நூல்கள் அதை நீர்ச்சிற்றுண்ணி என்கின்றன. என் அக்கா 'உன் குண்டூசிங்க' என்கிறாள். பிறந்த புதிதில் அதற்கு ஆறு கால்கள்தான். அந்தப் பருவத்தில் அது தட்டானின் வயிற்றிலோ கொசுவின் கழுத்திலோ தொற்றிக்கொண்டு, பயணச்சீட்டு இல்லாத பயணியாக, ஒரு நீரிலிருந்து இன்னொரு நீருக்குப் பறந்து போகும். ஓடைச் சரளைக்கு அடியிலும், பாறைக் கசிவின் பாசியிலும், குளத்து இலையின் மறுபுறத்திலும் நம் காலடியில் காலங்காலமாக வாழ்ந்திருக்கிறது. நாம் பார்த்தோமா? பார்க்கவில்லை. பெயர் சொல்லி அழைத்தோமா? அழைக்கவில்லை. உலக வரைபடத்தில் இந்த உயிர்கள் வாழும் இடங்களுக்குப் புள்ளி வைத்திருக்கிறார்கள். நம் வட்டாரம் இருக்கும் இடத்தில் வெறும் வெள்ளைத் தாள்தான் இருந்தது. உயிர் இல்லாததால் வெள்ளையா? இல்லை. ஆள் போகாததால் வெள்ளை.

போனேன். விடுமுறை நாள்தோறும் போனேன். வலையை ஓடையில் அடிப்பேன், வெள்ளைத் தட்டில் கவிழ்ப்பேன், அசைவதை உறிஞ்சியெடுப்பேன். சாராயத்தில் போட்டால் விறைத்துப்போகும் என்பதால், கிளிசரினும் அமிலமும் நீரும் கலந்த கலவையில் இடுவேன். வீட்டுக்கு வந்து, கூராக்கிய ஊசிமுனையால் உடலைப் பிரித்து, வாயருகே உள்ள உணர்கால்களின் கணுக்களை எண்ணி, அடிவயிற்றுத் தகட்டின் வட்டங்களை எண்ணி, அயல்மொழி நூலை அகராதியோடு மல்லுக்கட்டிப் படித்து, இன்னதுதான் என்று முடிவு செய்வேன். செய்தபின் அந்த உடலைப் பதித்த கண்ணாடிச் சில்லைப் பொதிந்து காப்பாளருக்கு அனுப்புவேன். அவர் முதலில் மூன்றைத் திருப்பி அனுப்பினார். பிறகு ஒன்றைத் திருப்பினார். பிறகு திருப்புவதை நிறுத்திவிட்டார். தற்பெருமை என்று எண்ணாதீர்கள். அல்லது எண்ணுங்கள், அதற்கு நான் தகுதியானவள்தான்.

இப்போது பன்னிரண்டாவதற்கு வருகிறேன்.

பச்சை உடல், நடுமுதுகில் மஞ்சள் கோடு. நம் மலைத்தொடருக்கு மேற்கே ஓடும் ஆற்றில் அது ஏராளம். அக்கரை நாட்டு அறிஞர்களும் மலைக்கு மேற்கேயுள்ள ஆறுகளில்தான் அதைக் கண்டிருக்கிறார்கள். மலைக்குக் கிழக்கே எவரும் கண்டதில்லை. நான் கண்டேன். கிழக்கு ஓடையில், ஒரு பிற்பகலில், ஒன்றல்ல, இரண்டு. தட்டிலே பச்சை நகர்ந்ததும் தட்டை வெயில் பக்கம் திருப்பி மறுபடி பார்த்தேன். இத்தனை சிறிய உயிர் இத்தனை பெரிய மலையைத் தாண்டியிருக்கிறதே! காப்பாளர் அவ்வளவு எளிதில் வியக்கிறவர் அல்லர், அவரே வியந்தார். நானும் அவரும் சேர்ந்து எழுதிய கட்டுரைக்கு அதையே தலைப்பாக்கினார். ஆசிரியர் பெயர் என்ற இடத்தில் என் பெயரை முதலில் எழுதி, படியெடுத்து அனுப்பினார். அந்தத் தாளை நான் எத்தனை முறை பிரித்துப் பார்த்தேன் என்பதை இந்த அவையில் சொல்வதற்கில்லை.

அந்தப் பூரிப்போடுதான் சென்ற ஆண்டு உங்கள் முன் நின்று பன்னிரண்டு என்றேன்.

இரண்டு வாரம் கழிந்தது. என் அக்கா தையற்காரி. என் வலையை அவள்தான் தைத்தாள். பிய்ந்துவிடக் கூடாதே என்று ஓரத்தை இரண்டு மடிப்பாக மடித்து, மடிப்பின்மேல் மடிப்பாகத் தைத்த வலை அது. பாறையில் சிக்கி ஓரிடம் கிழிந்ததால், பழுது பார்க்க அவளிடம் கொடுத்தேன். மேற்கு ஆற்றில் நான் அதைப் பயன்படுத்தி இரண்டு நாள் ஆகியிருந்தது. ஈரத்தோடு உறையில் சுருட்டி வைத்திருந்ததை அப்படியே கொடுத்துவிட்டேன். அவள் மடிப்பைப் பிரித்து, மண் போகட்டும் என்று வெள்ளைக் கிண்ணத்து நீரில் அலசினாள். அலசியவள் கிண்ணத்தருகே குனிந்தாள். பிறகு என்னை அழைத்தாள்.

"இங்க வாடி. உன் குண்டூசிங்க என் தையலுக்குள்ள குடித்தனம் பண்ணுதுங்க."

குனிந்து பார்த்தேன். கிண்ணத்தின் அடியில் மூன்று பச்சைப் புள்ளிகள். முதுகிலே மஞ்சள் கோடு. மூன்றும் நடந்துகொண்டிருந்தன.

அவையோரே, இரண்டு நாள்! நீரைவிட்டு வந்து இரண்டு நாள் ஒரு துணி மடிப்பின் ஈரத்தில் அவை உயிரோடு இருந்திருக்கின்றன. என் குறிப்பேட்டை எடுக்கக் கை வரவில்லை. எடுத்தேன். கிழக்கு ஓடைக்குப் போன நாளைப் புரட்டினேன். அன்று காலை நான் எங்கே இருந்தேன்? மேற்கு ஆற்றில். எந்த வலையோடு? இதே வலையோடு. அங்கிருந்து பேருந்து ஏறி, மலையைச் சுற்றி, இரண்டு மணி நேரத்தில் கிழக்கே இறங்கி, வலையைக் காயவிடாமல், மடிப்பைக் கழுவாமல், ஓடையில் அடித்திருக்கிறேன். மலையைத் தாண்டியது அந்த உயிரா? இல்லை. பயணச்சீட்டு எடுத்து நான்தான் தாண்ட வைத்திருக்கிறேன்!

காப்பாளர் அவர்கள் தலையசைக்கிறார். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத்தான் இந்தப் பிழையின் வலி தெரியும். கண் பிழைத்தால் மீண்டும் பார்க்கலாம். எண்ணிக்கை பிழைத்தால் மீண்டும் எண்ணலாம். அந்த இரண்டு உயிர்களையும் நான் சரியாகவே அடையாளம் கண்டேன். கணுவுக்குக் கணு சரி, வட்டத்துக்கு வட்டம் சரி. பெயர்ச்சீட்டில் எழுதிய ஊர் ஒன்றுதான் பொய். உயிர் உண்மை, இடம் பொய். புதிய இடத்தில் முதன்முதலாகப் பதிவு செய்வதே என் வேலை என்றால், இடம் பொய்யான பிறகு என் வேலையில் மிச்சம் என்ன?

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு உண்ணியும் தெரியாது, உணர்காலும் தெரியாது. ஆனால் என் முகம் தெரியும். கதவைச் சாத்திவிட்டு வந்து தாழ்ந்த குரலில் சொன்னாள்: "இது நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும். நான் வாயத் தொறக்க மாட்டேன். மறுபடி தைச்சுத் தந்துடுறேன், நீ பேசாம போ."

அக்கா, தலையைக் குனியாதே. இதை இந்த அவையில் சொல்ல நீயே நேற்று இரவு ஒப்புதல் தந்தாய்.

மூன்று நாள் நான் பேசாமல்தான் இருந்தேன். பொய் சொல்ல மாட்டேன். கடையில் கண்ணாடி தேய்த்தபோதெல்லாம் ஒரே கேள்வி. யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்? அந்த ஓடைக்கு என்னைத் தவிர யார் வலை எடுத்துப் போயிருக்கிறார்கள்? கேள்வியின் விடை எனக்குத் தெரியும். ஒருவரும் போகமாட்டார்கள். நான் எழுதியதுதான் நூறாண்டுக்கு நிற்கும். அங்கேதான் எனக்கு உறைத்தது. எவரும் போகாத இடத்தில் நான் ஒருத்திதான் சாட்சி. ஒரே சாட்சி பொய் சொன்னால், அந்த ஓடைக்கு வேறு யார் குரல் கொடுப்பார்கள்?

நான்காம் நாள் காப்பாளரை அழைத்தேன். கட்டுரையின் தலைப்பே போய்விடும் என்று தெரிந்தும் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொன்னதை அவர் முன்னிலையிலேயே சொல்கிறேன்: "அந்த ரெண்டையும் தூக்கிப் போட்டுடாதீங்கம்மா. தனியா எடுத்து வைங்க. சீட்டுல நடந்தத அப்படியே எழுதுங்க." பிறகு, ஏதோ உப்பு புளி விலை கேட்பதுபோலக் கேட்டார்: "சரி, மத்த பதினொண்ணும் எந்த வலைல வந்துச்சு?"

செயலாளர் ஐயா, கேட்டீர்களா? உங்கள் கடிதத்தின் கேள்வி ஓராண்டுக்கு முன்பே என் காதில் விழுந்துவிட்டது. பதினொன்றும் அதே வலையில்தான் வந்தன. அதே மடிப்புள்ள வலை. நீங்கள் கேட்டதற்கு முன்பே என் பட்டியல் முழுவதும் என் கண்முன் கலைந்து விழுந்தது.

மீண்டும் முதலிலிருந்து தொடங்கினேன். அக்காவிடம் மடிப்பே இல்லாத வலை வேண்டும் என்றேன். அவள் என்னவோ தன்னைச் சட்டையில்லாமல் தெருவில் நடக்கச் சொன்னதுபோலப் பார்த்தாள். "ஓரம் மடிக்காம தைக்கணுமா? இருபது வருஷத் தொழில்ல எவளும் என்கிட்ட இப்படிக் கேட்டதில்ல" என்றாள். முணுமுணுத்தாள். முனகினாள். பிறகு வலைத்துணியின் ஓரத்தை மெழுகுவத்திச் சுடரில் காட்டி உருக்கிக் கெட்டியாக்கினாள். எந்த உயிரும் ஒளியும் இடம் இல்லாதபடி வளையத்தில் ஒற்றைத் தையலால் கோத்தாள். ஒன்றல்ல, பன்னிரண்டு வலைகள். நீருக்கு ஒரு வலை. மேற்கு ஆற்றுக்கு நீல நூல், பாறைக் கசிவுக்குச் சிவப்பு நூல், கிழக்கு ஓடைக்கு வெள்ளை நூல். ஓர் ஓடையின் வலை இன்னோர் ஓடையைத் தொடாது. ஒரே நாளில் இரண்டு நீருக்கு நான் போவதும் இல்லை.

ஓராண்டு. ஒவ்வொரு இடத்துக்கும் மறுபடி போனேன். வெயிலில் போனேன், வெள்ளத்தில் வழுக்கி விழுந்தும் போனேன். கடை முதலாளி ஒருநாள் வாய்விட்டே கேட்டார், எனக்கு எங்கேயாவது இரண்டாவது குடும்பம் இருக்கிறதா என்று. இருக்கிறது என்றேன், எட்டுக் கால் குடும்பம். முதலாவது வகை மீண்டும் கிடைத்தது. இரண்டாவது கிடைத்தது. ஐந்தாவதற்கு மட்டும் ஏழு முறை நடந்தேன். ஏழாவது நடையில் ஒரே ஒரு கல்லுக்கு அடியில் கிடைத்தது. அந்தக் கல்லின் மேலேயே உட்கார்ந்து நான் அழுதேன் என்றால் நம்புவீர்களா? பதினொன்றும் அவ்வவற்றின் நீரில், அவ்வவற்றின் வலையில், இரண்டாம் முறை வந்து சாட்சி சொல்லின. அந்தச் சாட்சி முழுதாகக் கையில் கிடைத்த பிறகுதான் சென்ற வாரம் செயலாளர் ஐயாவை அழைத்தேன்.

அவற்றுள் ஒன்று, பாறைக் கசிவின் பாசியில் வாழ்வது, உலகில் எந்த நூலிலும் இல்லாதது. ஆண் தனி, பெண் தனி, இளம்பருவம் தனி என நாற்பத்தேழு நாள் வரைந்தேன். கால்மயிர் ஒன்றைக்கூட விடாமல் வரைந்தேன். அதன் விவரிப்பு இந்தத் திங்கள் அச்சில் வந்துவிட்டது. மூல மாதிரி அருங்காட்சியகத்தின் பேழையில் இருக்கிறது. அதன் முழுப்பெயரை இங்கே சொன்னால் உங்களுக்கு நாக்கும் எனக்கு நேரமும் சுளுக்கிக்கொள்ளும், விட்டுவிடுகிறேன். ஆனால் ஒன்றை விடமாட்டேன். நேற்றுவரை பெயரில்லாமல் இருந்த ஓர் உயிர், நம் நீரின் உயிர், இன்று உலகத்தின் ஏட்டிலே இருக்கிறது!

கிழக்கு ஓடை என்ன ஆயிற்று என்கிறீர்களா? பின்வரிசைத் தாய் ஒருவரின் குரல் இங்கே வரை கேட்கிறது. பதினான்கு முறை போனேன், அம்மா. வெள்ளை நூல் வலையோடு பதினான்கு முறை. பச்சை உடலும் மஞ்சள் கோடும் ஒரு முறைகூட வரவில்லை. பட்டியலில் அந்த இடத்தில் நான் எதையும் மறைக்கவில்லை. பதினான்கு தேதிகளையும் எழுதி, தேடினேன், இல்லை என்று எழுதியிருக்கிறேன். தேடாத இடத்தின் வெறுமை வேறு, தேடிய இடத்தின் வெறுமை வேறு. முதலாவது அறியாமை. இரண்டாவது அறிவு. இரண்டும் தாளிலே வெள்ளையாகத்தான் தெரியும். ஆனால் இரண்டாவதன் ஓரத்திலே ஒரு மனுஷியின் கையெழுத்து இருக்கும்!

ஆகவே அவையோரே, எனக்காக இரங்கிக் கை தூக்காமல் இருக்காதீர்கள். எட்டாம் வகுப்புப் படித்த பெண், பாவம், என்று ஒருவரும் எண்ண வேண்டாம். அந்தச் சலுகை எனக்கு வேண்டாம். ஐயா செயலாளர் அவர்களே, உங்களையே கேட்கிறேன். பதினொரு நீரில் எந்த நீரை வேண்டுமானாலும் சொல்லுங்கள். எந்த நாளை வேண்டுமானாலும் சொல்லுங்கள். உங்கள் கையால் வலை அடியுங்கள், உங்கள் கண்ணால் தட்டைப் பாருங்கள். நான் கரையில் நிற்கிறேன். எதைச் சொல்கிறீர்கள்?

எழுந்திருக்கிறார். சற்றே அமைதி காத்தருளுங்கள். ஒலிபெருக்கியை அவர் பக்கம் திருப்புகிறேன்.

"கிழக்கு ஓடைக்கே போவோம்மா. இருக்குங்கற பதினொண்ண எவனும் காட்டிடுவான். இல்லைங்கறத நான் பாக்கணும்."

கேட்டீர்களா, பெரியோர்களே! கேட்டீர்களா, தாய்மார்களே! நாற்பதாண்டு குழாயும் தொட்டியும் பார்த்த கண் எங்கே குறி வைக்கிறது பாருங்கள். ஞாயிறு காலை முதல் பேருந்தில் வருகிறேன், ஐயா. ஒருவேளை உங்கள் தட்டில் அந்தப் பச்சை நகர்ந்தால், முதல் பதிவு உங்கள் பெயரில். எழுதிக் கையெழுத்திட்டுத் தருகிறேன். என் பதினான்கு நடையும் தோற்கட்டும், ஓடை வெல்லட்டும்!

ஐயா கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைக்கிறார். கோரிக்கையைத் திரும்பப் பெறுகிறேன் என்று தலைவியாரிடம் சைகையும் காட்டிவிட்டார். நன்றி ஐயா. ஆனால் அந்தக் கடிதத்தை உள்ளே வைக்காதீர்கள். வெளியே எடுங்கள். தலைவி அம்மையாரிடம் கொடுங்கள். ஆண்டு மலரில் என் பட்டியல் அச்சாகும் பக்கத்திலேயே அதுவும் ஓர் எழுத்துக்கூட மாறாமல் அச்சாக வேண்டும் என்று இந்த அவையைக் கேட்டுக்கொள்கிறேன். எங்களுக்குப் பின்னால் புதிய புதிய நீருக்கு வலை எடுத்துப் போகும் பெண்ணும் ஆணும், பதினொரு பெயர்களைப் படிப்பதற்கு முன் அந்த ஒரு கேள்வியைப் படிக்கட்டும். ஒன்று பிழை என்றால், மற்றவை மெய் என்பதற்கு என்ன உறுதி? அதைக் கேட்கத் தெரிந்த ஊரில்தான் பெயர்ச்சீட்டு எழுதுகிற கை நடுங்காமல் எழுதும். பட்டியலில் பதினொரு உயிர்கள் இருக்கட்டும். பன்னிரண்டாம் இடத்தில் செயலாளர் ஐயாவின் கடிதம் இருக்கட்டும்!

பொறுமையோடு செவிமடுத்த அவைக்கும், தலைமை தாங்கிய அம்மையாருக்கும், மறைக்காமல் எழுதச் சொன்ன காப்பாளருக்கும், பதினொரு பெயருக்கும் அடித்தளமாகப் பன்னிரண்டு வலை தைத்த என் அக்காவுக்கும் நெஞ்சார்ந்த நன்றி கூறி, வீட்டுக்குப் போகும் வழியில் ஏதேனும் ஒரு நீரின் அருகே ஒரு நிமிடம் குனிந்து பார்த்துவிட்டுப் போகுமாறு வேண்டி விடைபெறுகிறேன். வணக்கம்.